அத்தியாயம் 6: தோட்டத்து மோட்டாரைக் கைப்பேசியில் இயக்குவது

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு இந்தக் கருவியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மோட்டாருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வாய்க்கால் அடைத்த பிறகு அங்கேயும், உசிலம்பட்டி, திருமங்கலம், கள்ளிக்குடித் தோட்டங்களில் பெரும்பாலான மாதங்களிலும், மல்லிகை, வாழை, தென்னை எல்லாவற்றுக்கும் கிணறும் போரும்தான் கதி. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் த்ரீ பேஸ் எப்போது வரும் என்பது தனிப்பாடு. பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்று முறை வைத்து விட்ட ஆண்டுகளில், டார்ச்சும் கம்புமாக நடுச்சாமத்தில் வரப்பில் நடந்தவர்கள் எத்தனை பேர்! விரியனை மிதித்தவர்களும் உண்டு. ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு மீளாதவர்களும் உண்டு.

அந்த நடையை மிச்சப்படுத்தும் பெட்டிதான் மொபைல் ஸ்டார்ட்டர். இது இன்று நேற்று வந்த பொருளல்ல. கைப்பேசியால் பம்ப்செட்டை இயக்கும் 'நானோ கணேஷ்' என்ற கருவியைப் புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஆஸ்ட்வால் உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பம்ப்செட் ஊரான கோயம்புத்தூரிலிருந்தே பல பெயர்களில் வருகிறது. எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஒரு சிம், ஒரு மோடம், உங்கள் விரலுக்குப் பதிலாகப் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் அழுத்தும் இரண்டு ரிலேக்கள். தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு இவ்வளவே.

காசு கொடுக்கும் முன்: தோட்டத்தில் நின்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் மோட்டார் ரூமுக்குப் போங்கள். கருவி பழுதில்லாமல் இருந்தும் சிக்னல் இல்லாமல் மூலையில் கிடக்கும் தோட்டங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

1. பெட்டி மாட்டப்போகும் சுவரை ஒட்டிப் போனை வைத்து, ரூம் கதவைச் சாத்துங்கள். தகர ஷெட்டானால் கட்டாயம் சாத்திப் பார்க்க வேண்டும்.

2. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' பகுதியில் சிம் ஸ்டேட்டஸைத் திறங்கள். சிக்னல் அளவு டி.பி.எம். கணக்கில், மைனஸ் குறியோடு தெரியும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 2ஜி-யில் மைனஸ் 70, 80 என்றால் நிம்மதி. மைனஸ் 100-ஐத் தாண்டினால் அந்த நிறுவனத்தின் சிம் அங்கே உதவாது.

3. கைவசம் உள்ள எல்லா நிறுவன சிம்மிலும் இதையே பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் போனையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊருக்குள் நன்றாக எடுக்கும் சிம், 2 கிலோமீட்டர் தள்ளிக் கண்மாய்க்கரை இறக்கத்தில் செத்துக் கிடக்கும்.

4. காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பார்த்து எழுதுங்கள். மின்தடை நேரத்தில் ஒருமுறை பார்ப்பது அதைவிட முக்கியம். கரண்ட் போனதும் டவரும் படுத்துவிடுமானால், உங்கள் கருவியும் அந்த நேரத்தில் பேசாது.

குறிப்பு: இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைக்காதீர்கள். வயருள்ள ஆன்டெனா கேட்டு வாங்கி, கூரைக்கு மேலே, மழைத் தண்ணீர் இறங்காதபடி வையுங்கள். சிக்னல் கோளாறு என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு மருந்து இதுதான்.

எதை வாங்குவது

மூன்று விதமாகப் பேசும் கருவிகள் உண்டு: போன் அழைப்பில், எஸ்.எம்.எஸ்.ஸில், ஆப் வழியாக இன்டர்நெட்டில். மூன்றும் சேர்ந்திருப்பதை வாங்குங்கள். ஆப் மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். ஆப்பில் நீங்கள் தொடும் பொத்தான் நேராக மோட்டாருக்குப் போவதில்லை. எங்கோ இருக்கும் தயாரிப்பாளரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிறது. அந்த நிறுவனம் கடையை மூடினால், அல்லது அந்த சர்வர் ஒரு நாள் படுத்தால், உங்கள் ஆப் வெறும் படம். அழைப்பிலும் இயங்கும் பெட்டி அப்போதும் வேலை செய்யும்.

எஸ்.எம்.எஸ்.ஸில் ஓர் ஆபத்து இருக்கிறது. விற்கிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. அழைப்பு அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். எஸ்.எம்.எஸ். அப்படி முடிவதில்லை. கருவிக்குச் சிக்னல் இல்லாதபோது நீங்கள் அனுப்பிய 'ஆன்' நெட்வொர்க்கில் காத்துக் கிடக்கும். பதில் வரவில்லையே என்று நான்கு முறை அனுப்பிவிட்டு நீங்கள் மறந்துபோவீர்கள். சிக்னல் திரும்பிய நேரத்தில், சில மணி நேரம் கழித்துக்கூட, அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து மோட்டார் ஓடத் தொடங்கும். அப்போது ரூமில் யார் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே 'ஆன்' போட அழைப்பையே பயன்படுத்துங்கள். எஸ்.எம்.எஸ்.ஸை நிலவரம் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை போக, கருவியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒரு பேஸ் போனால் நிறுத்தும் வசதி, வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் நிறுத்தும் வசதி, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் வசதி, கரண்ட் போனாலும் பேச உள்ளே ஒரு பேட்டரி. ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சுவிட்ச் பெட்டியின் வெளியிலேயே இருக்க வேண்டும்.

மானியம்: வேளாண் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியம் கொடுத்து வந்திருக்கிறது. உழவன் செயலியில் பாருங்கள். உங்கள் பகுதி வேளாண் பொறியியல் அலுவலகத்திலும் அந்த ஆண்டுத் தொகையையும் விதியையும் நேரில் கேளுங்கள். கேட்ட பிறகு வாங்குங்கள்.

சிம்: சின்னப் பொருள், பெரிய தலைவலி

கருவியின் மோடம் 2ஜி மட்டும் பேசுவதா, 4ஜி-யும் பேசுவதா என்று பெட்டியைப் பார்த்தே வாங்குங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. 2ஜி மோடத்தில் ஜியோ சிம் போட்டு, கருவி கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இனி வாங்குவதானால் 4ஜி மோடம் உள்ளதையே வாங்குங்கள்; பத்து வருடம் உழைக்க வேண்டிய பொருள்.

1. சிம்மை முதலில் சாதாரண போனில் போட்டு, பின் நம்பர் பூட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். பூட்டிய சிம்மைக் கருவியால் திறக்க முடியாது.

2. அதிலிருந்து ஓர் அழைப்பும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸும் போகிறதா என்று பாருங்கள். டேட்டா மட்டும் உள்ள ரீசார்ஜில் எஸ்.எம்.எஸ். போகாது, பதில் வராது.

3. கால் ஃபார்வர்டிங், காலர் டியூன் இரண்டையும் நிறுத்துங்கள்.

4. சிம்மை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பெயரில் வாங்கினால், அவர் போகும் நாளில் சிம்மும் போகும்.

மாட்டும் நாள்

இது உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று, கீழே உள்ள வரிசையில் நடக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மனத்தில் வையுங்கள்: நம் தோட்டத்து டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் காயிலுக்கும் பொத்தானுக்கும் போகிற சன்னமான வயரிலும் 415 வோல்ட் ஓடலாம். 'சின்ன வயர்தானே' என்று தொடக்கூடாது.

1. மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டெஸ்டரோடு விடாமல், டெஸ்ட் லாம்ப் அல்லது மீட்டர் வைத்து மூன்று பேஸும் செத்திருப்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

2. புதுக் கருவிக்கு முன் பழையதைச் சரிபாருங்கள். ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தால் எறும்புக் கூடு, பல்லி, கருகிய கான்டாக்ட் என்று எல்லாம் இருக்கும். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் போனில் நூறு முறை 'ஆஃப்' போட்டாலும் மோட்டார் நிற்காது. தேய்ந்த கான்டாக்டை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

3. எர்த்துக் குழியைப் பாருங்கள். கம்பி அறுந்து தொங்கினால் அன்றைக்குக் கருவியை மாட்ட வேண்டாம். எர்த்தை முடித்துவிட்டு மறுநாள் மாட்டலாம்.

4. டூ பேஸில் ஓட்டுவதற்காகக் கண்டன்சர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறும். கண்டன்சர் கொண்டு மூன்றாவது பேஸைப் போலியாகக் காட்டினால், பேஸ் போனதைக் கருவி கண்டுபிடிக்காது. பக்கத்தில் இருந்தால் மோட்டார் உறுமும் சத்தம் காதில் விழும், ஓடிப்போய் அணைப்பீர்கள். வீட்டில் இருந்தால் காயில் கருகிய பிறகுதான் தெரியும்.

5. ஆன் ரிலேயின் வயர்கள் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், ஆஃப் ரிலேயின் வயர்கள் சிவப்புப் பொத்தானோடு தொடராகவும் வர வேண்டும். பழைய இரண்டு பொத்தான்களும் முன்போலவே வேலை செய்ய வேண்டும். 'இனி எதுக்குண்ணே அது, எடுத்துரலாம்' என்று வயர்மேன் சொன்னால் விடாதீர்கள்.

6. கரண்ட் அளக்கும் வளையத்தை மோட்டாருக்குப் போகும் ஒரே ஒரு வயரில் மாட்ட வேண்டும். மூன்று வயரையும் சேர்த்து நுழைத்தால் கருவி பூஜ்யம் காட்டும்.

7. பவர் கொடுத்ததும் முதலில் 'ஆஃப்' சோதனை. பச்சைப் பொத்தானைக் கையால் அழுத்தி ஓடவிட்டு, போனிலிருந்து நிறுத்துங்கள். மூன்று முறை தவறாமல் நின்றால்தான் போனிலிருந்து 'ஆன்' போட்டுப் பார்க்கலாம். நிறுத்தத் தெரியாத வண்டியை யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

அளவுகளை அமைப்பது

த்ரீ பேஸ் மோட்டார் எச்.பி.க்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் என்பது வயர்மேன் கணக்கு, 5 எச்.பி. என்றால் ஏழரைக்குக் கிட்டே. நீர்மூழ்கி மோட்டார் இதைவிடக் கூடுதலாக இழுக்கும். கணக்கை நம்பாமல் உங்கள் மோட்டாரையே அளந்துகொள்ளுங்கள். தண்ணீர் நிறைய வரும்போது எத்தனை ஆம்பியர் என்று கருவியில் பார்த்து எழுதுங்கள். கிணறு இறங்கி, காற்றும் தண்ணீருமாகத் துப்பத் தொடங்கும்போது எத்தனை என்று உடனே இன்னொரு முறை எழுதிவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். உதாரணமாக முதலாவது 8, இரண்டாவது 5 என்றால், டிரை ரன் அளவை ஆறரையில் வையுங்கள். வோல்டேஜ் கீழே போனால் இந்த எண்கள் மாறும். ஆகவே வோல்டேஜ் சரியாக இருக்கும் ஒரு நாளில் அளப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் கிணறு அடிமட்டத்துக்கு வந்தபின் இன்னொரு முறை அளந்து திருத்துங்கள்.

ஆட்டோவில் ஓடும்போது, கரண்ட் வந்ததும் எத்தனை நொடி கழித்து மோட்டார் எடுக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். கடையில் வரும்போது எல்லாப் பெட்டியிலும் அது ஒரே எண்ணாகத்தான் இருக்கும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் 15 மோட்டார் இருந்து, அத்தனையும் ஒரே நொடியில் எடுத்தால் ஃபியூஸ் போகும், வோல்டேஜ் விழும், ஒருவருக்கும் தண்ணீர் கிடைக்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்: ஒருவருக்கு 30 நொடி, அடுத்தவருக்கு 60, அதற்கடுத்தவருக்கு 90. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய ஊர்களுக்கு இது புதிதல்ல.

டைமரும் வையுங்கள். மடை மாற்ற ஆள் இல்லாமல் இரவு முழுக்க ஓடும் மோட்டார், நடந்துபோய்ப் போட்ட காலத்தில் இவ்வளவு இல்லை. போனில் போடுவது சுலபமானதும் அணைக்க மறப்பதும் சுலபமாகிவிட்டது. மின்சாரத்துக்குக் காசு இல்லை என்றாலும், நிலத்தடித் தண்ணீர் திரும்பி வருவதற்கு மழைதான் பெய்ய வேண்டும்.

'ஆன்' என்று பதில் வந்தால் தண்ணீர் வருகிறதா?

பல கருவிகள் ரிலே அழுத்தியதையே 'மோட்டார் ஆன்' என்று சொல்லும். என் தாய்மாமா தோட்டத்தில் ஒருமுறை ஃபுட் வால்வு கசிந்து, மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. போனில் ஆன் என்றே காட்டியது. இரண்டு மணி நேரம் கழித்துப் போனால், பாத்தி காய்ந்து கிடக்க, பம்ப்பின் சீல் உருகிப்போயிருந்தது. அன்றைக்கு டிரை ரன் அமைப்பை யாரும் தொட்டிருக்கவில்லை. பதிலில் மூன்று பேஸ் வோல்டேஜும் ஆம்பியரும் சேர்ந்து வருமாறு அமையுங்கள். நீங்கள் எழுதி வைத்த 8-க்குக் கிட்டே எண் இருந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று நம்பலாம். குறைந்தால் நிறுத்துங்கள். கூடினால் உடனே நிறுத்துங்கள்.

மோட்டார் ரூமில் ஆள் இருக்கும்போது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

முன்பு மோட்டாரைப் போடுகிறவர் மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்பார். உள்ளே யார் இருக்கிறார்கள், பெல்ட்டில் யார் கை இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். இப்போது போடுகிறவர் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நிற்கிறார், அல்லது சிங்கப்பூரில் இருக்கிறார். கிணற்றில் இறங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெக்கானிக் அவருக்குத் தெரியமாட்டார். ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்திருக்கும் தம்பிக்கு, அண்ணன் போனை எடுத்தது தெரியாது. ஆட்டோவில் விட்டிருந்தால் யாரும் போனைத் தொடவே வேண்டாம். கரண்ட் வந்தால் போதும். ஆகவே ஸ்டார்ட்டர், வயர், பம்ப், குழாய் எதைத் தொடுவதானாலும் வரிசை இதுதான்:

1. கருவியின் சுவிட்சை மேனுவலுக்கு மாற்றுங்கள்.

2. மெயினை இறக்குங்கள்.

3. மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்குங்கள். அவற்றை ஜன்னலில் வைக்க வேண்டாம்; கிணற்றில் இறங்குகிற ஆளே மடியில் கட்டிக்கொள்ளட்டும். அவர் ஏறி வந்து கொடுக்கும்வரை யாராலும் மோட்டாரைப் போட முடியாது.

4. கருவியில் பதிந்துள்ள எல்லா எண்ணுக்கும் அழைத்துச் சொல்லுங்கள். 'மாமா, மோட்டார்ல வேலை நடக்குது, நான் சொல்ற வரைக்கும் போனத் தொடாதீங்க' என்று ஒரு வாக்கியம் போதும்.

5. வேலை முடிந்ததும் கேரியரைப் போடுவதற்கு முன், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தலையை எண்ணுங்கள்.

நான்காவதைச் செய்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். சொன்னவர் மறக்கலாம், நெட்வொர்க்கில் காத்திருக்கும் எஸ்.எம்.எஸ். எதையும் கேட்காது. கையில் இருக்கும் கேரியர் மட்டுமே உயிருக்கு உத்தரவாதம்.

ரூம் கதவில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவையுங்கள்: 'இந்த மோட்டார் தானாக ஓடும். மெயினை இறக்காமல் தொடாதே.' படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். பெல்ட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இரும்பு வலை மூடி போடுங்கள். பள்ளி விடுமுறையில் தொட்டியில் குளிக்க வரும் பிள்ளைகளை ரூமுக்குள் விடவே கூடாது.

மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பத்தில் தீப்பொறி பறந்தாலோ தொடாமல் விலகி நின்று மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்கு அழையுங்கள்.

யார் கையில் சாவி

கருவி வரும்போது அதன் கடவுச்சொல் 1234 அல்லது 0000 என்றுதான் இருக்கும். முதல் நாளே மாற்றுங்கள். 2016-இல் 'மிராய்' என்ற கெடுநிரல், கடையில் வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகம் முழுக்க வரிசையாகப் பிடித்தது. தோட்டத்தில் கேமராவும் வைத்திருந்தால் இது அதற்கும் பொருந்தும்.

பதிந்த எண்களிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும்படி அமையுங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம். வேலையாள் மாறினால் அன்றே அவர் எண்ணை நீக்குங்கள். ஆப்பைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்; வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு, மானியம் என்று பெயர் போட்டு வந்தாலும், வேண்டாம். 'ஆப்பைச் சரிசெய்து தருகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்' என்று யாராவது போனில் சொன்னால் வைத்துவிடுங்கள். அந்த வகை மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. உங்கள் திரையைப் பார்க்கிறவருக்கு மோட்டார் ஆப்பும் வங்கி ஆப்பும் ஒன்றுதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

டவுனுக்குள் இருப்பவர்களுக்கு

மாடித் தொட்டிக்கு ஏற்றும் ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இவ்வளவு தேவையில்லை. வைஃபை சுவிட்ச் போதும். ஆனால் 6 ஆம்பியர் விளக்குச் சுவிட்சை வாங்கி மோட்டாருக்கு மாட்டாதீர்கள். மோட்டார் எடுக்கும் நொடியில் ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன ரிலே ஒட்டிக்கொள்ளும். 16 ஆம்பியர் சுவிட்சும், அது இயக்குவதற்கு ஒரு கான்டாக்டரும் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் சம்ப் நிறையும் முன் மோட்டார் ஓடாமல் இருக்க, சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் ஃப்ளோட் சுவிட்ச் வையுங்கள்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை போனிலிருந்து ஆஃப் சோதனை. ஐப்பசிக்கு முன் எர்த்துக் குழிக்குத் தண்ணீர், ஆன்டெனா வயருக்கு டேப். இடி இடிக்கும் நாளில் மெயினை இறக்கிவிடுங்கள். மழை பெய்கிற அன்றைக்கு மோட்டாருக்கு வேலையில்லை. உள்ளிருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓயும். கரண்ட் போனதும் 'பவர் கட்' செய்தி வராமல் போனால் அதுதான் காரணம். கடைசியாக, பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி இவற்றை எழுதிவையுங்கள்: சிம் எண், அடுத்த ரீசார்ஜ் தேதி, தண்ணீர் வரும்போது ஆம்பியர், டிரை ரன் அளவு, டிலே நொடி, பதிந்துள்ள மூன்று பேரின் பெயர். பென்சிலால் எழுதுங்கள், ரூம் ஈரத்தில் பேனா மை கலைந்துவிடும்.